பளபளப்பைக் கடைசியில் பாருங்கள்: வெள்ளி நாணயத்தில் ஸ்பெசிமன் அடியை அடையாளம் காண்பது

"கண்ணாடி மாதிரி மின்னுதுங்க, ஸ்பெசிமன்தானே?" என்று நாணயத்தை நீட்டுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "நடுவைக் காட்டாதீங்க, ஓரத்தைக் காட்டுங்க" என்பதுதான். புழக்கத்துக்கு என்று இல்லாமல் தனிக் கவனத்தோடு அடித்த நாணயத்தைத்தான் ஸ்பெசிமன் என்கிறோம். கைக்கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில். லென்ஸைக் கண்ணில் செருகி உட்காருவது பிழைப்பு. அதே லென்ஸை வைத்து வெள்ளி நாணயம் பார்ப்பது பொழுதுபோக்கு. மின்னுவதை யார் வேண்டுமானாலும் பிற்பாடு உண்டாக்கிவிடலாம், ஒரு துணியும் பாலிஷ் பசையும் போதும். ஆனால் அடி விழுந்த அந்த நொடியில் வெள்ளி அச்சின் மூலைமுடுக்குக்குள் எவ்வளவு தூரம் போய் நிறைந்தது என்பதைப் பிற்பாடு யாராலும் கூட்ட முடியாது. நான் தேடுவது அதைத்தான். அதனால் என் வரிசை தலைகீழாக இருக்கும்: முதலில் ரிம், பிறகு எட்ஜ், எழுத்து, உருவம், வெற்றுத்தளம். மின்னுவது கடைசி.

அதற்கு முன்னால், கையில் இருப்பது எந்த நாட்டு நாணயம், எந்த ஆண்டு என்று பார்த்துவிடுங்கள். ஸ்பெசிமன் என்ற பெயரில் மூன்று தனித்தனி ரகங்கள் சந்தையில் இருக்கின்றன. முதலாவது, ப்ரூஃப் (சேகரிப்பாளர்களுக்காக இன்னும் அதிக உழைப்போடு அடிக்கும் நாணயம்) அடிப்பது ஒழுங்கான வழக்கமாக ஆவதற்கு முந்தைய காலத்து அமெரிக்க நாணயங்களில் தனிக் கவனத்தோடு அடித்தவை. இரண்டாவது, பிரிட்டிஷ் பேரரசின் நாணயச்சாலைகளும் கனடாவும் ஒரு புது வரிசை தொடங்கும்போதோ, அரசர் மாறும்போதோ, சேகரிப்பாளர்களுக்கும் முக்கியஸ்தர்களுக்கும் கொடுக்கத் தனியாக அடித்தவை. கனடாவில் 1858, 1908, 1911, 1937 ஆகிய ஆண்டுகளின் செட்டுகள் இப்படிப்பட்டவை. மூன்றாவது, கனடாவின் அரசு நாணயச்சாலையான ராயல் கனடியன் மிண்ட் இன்று விற்கும் ஸ்பெசிமன் செட். அங்கே அது தளத்தில் மெல்லிய கோடுகள் ஓடும் ஒரு ஃபினிஷின் பெயர், அவ்வளவுதான். தலைவலி முழுக்க முதல் இரண்டில்தான். ஆகவே இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

எப்படி அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பது தானாகப் புரியும். புழக்கத்துக்கான நாணயத்துக்கு ஒரே அடி. இயந்திரம் வேகமாக ஓடும். ஒரே ஜோடி அச்சு பல்லாயிரம் நாணயங்களை அடித்துத் தள்ளும். அடித்தது தொட்டியில் விழும், எண்ணப்படும், மூட்டையில் போகும், வழி முழுக்க ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஸ்பெசிமனுக்கு நல்ல பிளாங்காக, அதாவது இன்னும் எதுவும் பதியாத வெறும் வெள்ளி வில்லையாக, பொறுக்கி எடுப்பார்கள். அச்சு புதிதாகவோ, மெருகேற்றியதாகவோ இருக்கும். அழுத்தம் அதிகம், வேகம் குறைவு. சில சமயம் இரண்டு முறை அடிப்பார்கள். அடித்ததைத் தொட்டியில் விழவிடாமல் கையால் எடுத்து வைப்பார்கள். ப்ரூஃபுக்கும் இதே பாதைதான், ஆனால் அதில் பிளாங்கையும் மெருகேற்றுவார்கள், அச்சுக்கு இன்னும் அதிக உழைப்பு. ஸ்பெசிமன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எங்கே என்பது ஒவ்வொரு நாணயச்சாலைக்கும், சில சமயம் ஒவ்வொரு ஆண்டுக்கும் மாறும். அதனால் ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் ஆளிடம் சற்று ஜாக்கிரதையாக இருங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 5 மடங்கு லென்ஸ் ஒன்று, 10 மடங்கு ஒன்று. 0.01 கிராம் வரை காட்டும் தராசு. விட்டம் அளக்க ஒரு வெர்னியர். ஒற்றை பல்பு உள்ள மேசை விளக்கு. மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். டியூப் லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி, பார்க்க வேண்டிய கீறலை எல்லாம் மறைத்துவிடும். கீழே தடிமனான துணி விரித்து, நாணயத்தைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இவற்றை எல்லாம்விட உதவுவது இன்னொன்று: அதே வகை, அதே ஆண்டு, புழங்காத ஒரு சாதா நாணயம். பக்கத்தில் அது இல்லாமல் நான் எந்த நாணயத்தையும் தீர்மானிப்பதில்லை. "கூர்மையாக இருக்கிறது" என்றால் எதைவிடக் கூர்மை என்ற கேள்வி வருமே.

சரி, ரிம். நாணயத்தின் இரு முகங்களையும் சுற்றி எழும்பி நிற்கும் வளையம் அது. பக்கவாட்டில் கோடு போட்ட மூன்றாவது பக்கம் எட்ஜ். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடிக்கும் முன் பிளாங்கின் ஓரத்தை உருட்டி லேசாக மேலே தள்ளியிருப்பார்கள், அந்த ஓரம் உருண்டையாகத்தான் இருக்கும். அடி விழும்போது வெள்ளி வெளிப்பக்கமாக ஓடி, அச்சும், பிளாங்கைச் சுற்றி நிற்கும் வளையமும் சந்திக்கும் மூலையை நிரப்ப வேண்டும். நடுவிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் இடம் என்பதால் கடைசியாக நிரம்புவதும் அதுதான். சாதா அடியில் அது முழுக்க நிரம்புவது அபூர்வம். ரிமின் மேல்மூலையில் பழைய உருண்டைத்தனம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஸ்பெசிமனில் ரிமின் தலை தட்டையாக, உள்மூலையும் வெளிமூலையும் செதுக்கியது போல நிற்கும். நாணயத்தைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்து விளக்கை எதிரே வைத்துச் சுற்றுங்கள். கூர்மையான மூலையில் ஒளி ஒற்றைக் கோடாக ஓடும், உருண்டதில் அகன்று மங்கும். இந்தச் சோதனைக்கு லென்ஸ்கூட வேண்டாம்.

சில நாணயங்களில் ரிமின் வெளிமூலையில் கத்தி விளிம்பு போல மெல்லிய வெள்ளித் துருத்தல் இருக்கும். அதிக அழுத்தத்தில் உலோகம் அச்சுக்கும் வளையத்துக்கும் இடையில் பிதுங்கியதன் அடையாளம் இது. நல்ல அறிகுறிதான், ஆனால் அழுத்தம் கூடுதலாக வைத்த நாளில் சாதா நாணயத்திலும் வரும். தனியாக எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன்.

எட்ஜுக்கு வருவோம். கோடு போட்ட எட்ஜ் என்றால் ஒவ்வொரு கோடும் ஒரு ரிமிலிருந்து எதிர் ரிம் வரை அதே ஆழத்தில் போகிறதா என்று பாருங்கள். சாதா அடியில் இரு முனையிலும் கோடு தேய்ந்து கரைந்ததுபோல முடியும். சில நாணயங்களில் எட்ஜே விஷயத்தை முடித்துவிடும். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்கு 1935இல் வந்த பிரிட்டிஷ் கிரவுனை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்சி மெட்கால்ஃப் வடிவமைத்த செயின்ட் ஜார்ஜ் குதிரை மேல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அதற்கு ஆடும் மரக்குதிரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாதா கிரவுனில் எட்ஜ் எழுத்து குழிந்திருக்கும், வெள்ளி 50 சதவீதம். 2,500 மட்டும் அடித்த ப்ரூஃபில் எழுத்து புடைத்திருக்கும், வெள்ளி 92.5 சதவீதம். எடை இரண்டுக்கும் 28.28 கிராம்தான், தராசு உதவாது. நகத்தால் தொடாமல் லென்ஸில் எட்ஜைப் பார்த்தாலே போதும். ஆனால் இங்கேதான் சிக்கல். இதே கிரவுனில் பெட்டியில் வைத்து விற்ற ஸ்பெசிமன் அடி ஒன்றும் உண்டு. அதன் எட்ஜ் எழுத்து சாதாவைப் போலவே குழிந்தது. பெட்டி அசலாக இருக்கும், உள்ளே இருப்பது யாரோ மாற்றி வைத்த சாதா கிரவுனாக இருக்கும். பெட்டி காலியாகிவிட்டால் அதற்கு ஒரு நாணயம் தேடி வைக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பெட்டியைச் சாட்சியாக எடுக்காமல் ரிம்மையும் தளத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

கனடாவின் 1858 இருபது சென்ட் இன்னொரு உதாரணம். அந்த மதிப்பில் கனடா வெளியிட்டது அந்த ஓர் ஆண்டுதான். சாதா நாணயத்தின் எட்ஜில் கோடுகள் உண்டு. ஸ்பெசிமன்களில் கோடு உள்ளதும் உண்டு, கோடே இல்லாத வழுவழுப்பான எட்ஜும் உண்டு. வழுவழுப்பானதைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காமல் வெர்னியரை எடுங்கள். கோடுகளை அரத்தால் ராவி எடுத்தால் விட்டமும் எடையும் இரண்டும் குறையும். ஒன்று மட்டும் குறைந்திருந்தாலும் நான் கீழே வைத்துவிடுவேன்.

அடுத்தது எழுத்துகளும் ரிமின் உட்பக்கத்தில் ஓடும் மணிவரிசையும். மணி மணியாகவோ பல் பல்லாகவோ இருக்கும் அந்த வரிசையில் ஒவ்வொன்றும் பக்கத்து மணியிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். எழுத்துகள் தளத்திலிருந்து செங்குத்தாக எழ வேண்டும், தலை தட்டையாக இருக்க வேண்டும். மெழுகில் முத்திரை மோதிரத்தை ஓங்கி அழுத்தினால் ஒரு விதம், லேசாக வைத்து எடுத்தால் ஒரு விதம் என்று பதியுமே, அந்த வித்தியாசம்தான். எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல்போல இரட்டிப்பு தெரிந்தால் இரண்டாவது அடி இம்மி நகர்ந்திருக்கலாம். ஆனால் அச்சு தளர்ந்து ஆடினால் சாதா நாணயத்திலும் இரட்டிப்பு வரும். அது படிக்கட்டு போலத் தட்டையாக வெட்டியிருக்கும், எழுத்தையும் மெலிய வைத்துவிடும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

உருவத்தில், எதிர்ப்பக்க அச்சிலும் ஆழமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே பாருங்கள். அந்த இரு குழிகளையும் ஒரே வெள்ளி நிரப்ப வேண்டியிருப்பதால் பற்றாக்குறை அங்கேதான் வரும். அரசர் தலையில் காதுக்கு மேல் முடி, புருவம், கிரீடத்தின் நடுப்பகுதி, இப்படி. கனடாவின் 1935இல் தொடங்கிய வெள்ளி டாலரில், இமானுவல் ஹான் வடித்த படகோட்டிகள் பக்கத்தில், படகில் இருக்கும் மூட்டையில் ஹெச், பி என்று ஹட்சன் பே கம்பெனியின் எழுத்துகள் நுணுக்கமாக இருக்கும். பின்னணியில் துருவ ஒளி மெல்லிய கோடுகளாக. இரண்டும் தெளிவாக இருந்தால் அடி நல்ல அடி.

ஆனால் இதே டாலரில் ஒரு நல்ல எச்சரிக்கையும் இருக்கிறது. படகின் அருகே தண்ணீரைக் காட்டும் சிறு கோடுகளில் சில, 1955ஆம் ஆண்டின் ஒரு ரகத்தில் குறைந்திருக்கும். ஆர்ன்பிரையர் டாலர் என்பார்கள். காரணம் அடி பலவீனம் இல்லை. அச்சை அளவுக்கு மீறி மெருகேற்றியதில் ஆழம் குறைந்த கோடுகள் அச்சிலிருந்தே அழிந்துபோயின. ஆக, ஒரு நுண்கோடு காணோம் என்றால் அடியைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்து விவரங்களைப் பாருங்கள். உயரமான இடங்கள் முழுசாக இருந்து தளத்தை ஒட்டிய மெல்லிய கோடு மட்டும் காணாமல் போயிருந்தால் அது மெருகு. உயரமான இடங்களே மொக்கையாக இருந்தால் அது அடி, அல்லது தேய்மானம்.

இப்போதுதான் வெற்றுத்தளம். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான், ஏனென்றால் ஏமாற்றுவதும் ஏமாறுவதும் நடப்பது இங்கே.

தளத்தில் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? அவை இரண்டு விதம். அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கீறல், நாணயத்தில் புடைத்த கோடாக வரும். பிற்பாடு யாரோ துடைத்ததில் நாணயத்தில் விழுந்த கீறல் குழிந்த கோடாக இருக்கும். முன்னது நல்ல சேதி, பின்னது கெட்ட சேதி. எப்படிப் பிரிப்பது? நாணயத்தின் தளம் அச்சில் மேடு. நாணயத்தின் உருவமும் எழுத்தும் அச்சில் பள்ளம். மெருகேற்றும் கல் மேட்டைத்தான் தொடும், பள்ளத்துக்குள் இறங்காது. ஆகவே அச்சு மெருகுக்கோடு உருவத்தின் ஓரம்வரை வந்து டக்கென்று நிற்கும், மறுபக்கம் எழுத்தைத் தாண்டி அதே திசையில் தொடரும். துடைத்த கீறலுக்கு அப்படி மரியாதை எல்லாம் கிடையாது; கன்னத்தின் மேலும் ஏறும், எழுத்தின் தலையிலும் ஏறும், வளைந்து வளைந்து போகும். 10 மடங்கு லென்ஸில் ஒரு கோட்டைப் பிடித்து அதன் கடைசிவரை பின்தொடருங்கள். ஒரு கோடு போதாது, சிலவற்றைப் பாருங்கள்.

இந்த இடத்தில் மிகப் பழைய நாணயங்களுக்கு ஒரு விதிவிலக்கு. அந்தக் காலத்தில் பிளாங்க் எடை கூடினால் அடிப்பதற்கு முன் அரத்தால் ராவிச் சரிசெய்வார்கள். அந்த இணைகோடுகள் அடியில் முழுக்க மறையாமல் உருவத்தின் மேலேகூட மிச்சம் இருக்கும். 2013 ஜனவரியில் ஏலத்தில் ஒரு கோடி டாலரைத் தாண்டிய 1794 அமெரிக்க வெள்ளி டாலரில் அந்த அரக்கோடுகள் உண்டு. நடுவில் எடை கூட்டுவதற்காகச் செருகிய வெள்ளித் துண்டும் தெரியும். இருந்தும் அதற்கு ஸ்பெசிமன் என்றுதான் தரச்சான்று. காரணம் அந்த ஆண்டின் மற்ற டாலர்களைப் பார்த்தால் விளங்கும். பிலடெல்ஃபியாவில் இருந்த இயந்திரம் அவ்வளவு பெரிய நாணயத்துக்குப் போதவில்லை. பலவற்றில் ஒரு பக்க நட்சத்திரங்களும் எழுத்துகளும் சரியாகப் பதியாமல் மங்கியிருக்கும். இது ஒன்று முழு வட்டமும் நிறைந்து, மெருகேற்றிய அச்சில் அடிபட்டு நிற்கிறது.

அடுத்த சோதனை ஒளியின் நடமாட்டம். சாதா நாணயத்தை விளக்குக்குக் கீழே சாய்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரம் போல ஒளிக்கற்றை சுழலும். இதற்கும் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான அடிகளில் வெள்ளி வெளிப்புறமாக ஓடி ஓடி அச்சின் முகத்தில் ஆரக்கோடுகளை அரித்துவிடுகிறது, அவை நாணயத்தில் பதிகின்றன. புது அச்சில் அடித்த ஸ்பெசிமனில் அந்தக் கோடுகள் உருவாக நேரமே இருந்திருக்காது. தளம் சாட்டின் துணிபோலச் சீராகவோ, கண்ணாடி போலவோ, மணல் தூவியது போல மங்கலாகவோ இருக்கும்; சக்கரம் சுழலாது. 1937 கனடா ஸ்பெசிமன் செட்டில் கண்ணாடி முகமும் உண்டு, மங்கல் முகமும் உண்டு. 1902இல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டுக்கு வந்த பிரிட்டிஷ் செட்டுகள் மங்கல்தான்; "என்ன இது, பொலிவே இல்லையே" என்று துடைத்துப் பளபளப்பாக்கிக் கெடுக்கப்பட்டவை அவற்றில் நிறைய. பளபளப்பை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவையே சாட்சி.

கண்ணாடி முகம் உள்ளதில் ஒரு தனிச் சோதனை. ஏ, ஆர் போன்ற ஆங்கில எழுத்துகளின் உள்ளே அடைபட்ட சின்ன இடம், ஆண்டு எண்ணில் 0, 8, 9 இவற்றின் வயிறு, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடுக்கு, இங்கெல்லாம் லென்ஸை வையுங்கள். மெருகேற்றிய அச்சில் அடித்தது என்றால் அந்தப் பொந்துக்குள்ளும் அதே கண்ணாடிதான். பிற்பாடு துணி போட்டுத் தேய்த்தது என்றால் திறந்த வெளி மின்னும், பொந்துக்குள் துணி போகாமல் பழைய மங்கல் அப்படியே கிடக்கும். எழுத்தின் மேல்மூலைகளும் மழுங்கி, தளத்தின் மினுமினுப்பு உருவத்தின் மேல் வழிந்து ஏறியதுபோல இருக்கும். கடிகார டயலைத் தவறாகத் துடைத்தவர்களின் கைவேலையிலும் இதே தடயத்தைத்தான் பார்க்கிறேன்.

இத்தனையும் தேறினாலும் இன்னும் ஒரு பெரிய எதிரி பாக்கி: ப்ரூஃப்லைக். புதிதாக மெருகேற்றிய அச்சில் முதலில் விழும் சாதா நாணயங்கள் கண்ணாடி போலத்தான் இருக்கும். அமெரிக்க மார்கன் டாலரில் இது சகஜம்; தளத்தில் அச்செழுத்தின் பிரதிபலிப்பு எத்தனை அங்குலத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது என்று அளந்து, ப்ரூஃப்லைக், டீப் ப்ரூஃப்லைக் என்று தரம்கூடப் பிரித்திருக்கிறார்கள். பிரதிபலிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது சாதா அடிதான். ரிம்மையும் காதுக்கு மேல் முடியையும் பார்த்தால் தெரிந்துவிடும், கூடவே கன்னத்தில் மூட்டைத் தழும்புகள். 1921இல் சேகரிப்பாளர்களுக்காக அடித்ததாகச் சொல்லப்படும் மார்கன்களில் சேப்மேன் ப்ரூஃப் என்பவை சந்தேகமில்லாத ப்ரூஃப்கள். ஃபாரன் ஸெர்ப் என்ற நாணய ஆர்வலர் பேரால் வழங்கும் ஸெர்ப் ப்ரூஃப்களோ, நன்றாக மெருகேற்றிய அச்சில் அடித்த சாதாதான் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. என் கட்சியும் அதுதான். கண்ணாடி இருக்கிறது, மூலை நிறையவில்லை.

கனடாவில் இந்தக் குழப்பத்துக்குப் பேர்போனது 1949 டாலர். நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்ததை ஒட்டி தாமஸ் ஷிங்கிள்ஸ் செதுக்கிய மேத்யூ கப்பல் அதில் உள்ளது. அந்த ஆண்டு மொத்த உற்பத்தியுமே கவனமாக அடித்துக் கவனமாகக் கையாளப்பட்டது, அதனால் சாதா நாணயமே ப்ரூஃப்லைக்காகத் தோன்றும். "1949 ஸ்பெசிமன்" என்று யாராவது காட்டினால் என் முதல் சந்தேகம் அது நல்ல சாதா என்பதுதான். அமெரிக்காவில் 1965 முதல் 1967 வரை ப்ரூஃப் செட்டுக்குப் பதிலாக வந்த ஸ்பெஷல் மிண்ட் செட்டும் இந்த நடுநிலை ரகம். அதில் வெள்ளி இருப்பது அரை டாலரில் மட்டும், அதுவும் 40 சதவீதம். அவற்றை அவற்றின் பெயராலேயே அழைப்பது நல்லது.

மூட்டைத் தழும்பு இல்லாதது ஸ்பெசிமனுக்குத் தேவை, ஆனால் போதாது. நல்ல அதிர்ஷ்டம் உள்ள சாதா நாணயமும் தழும்பில்லாமல் தப்பித்திருக்கும். தோற்றத்தில் அழகாக இருக்கிறது என்பதும் இதே கணக்கில்தான்.

கடைசியாக, நான் மிக நம்பும் சோதனை: அச்சை அடையாளம் காண்பது. ஸ்பெசிமன்களுக்குச் சில அச்சுகள்தான் பயன்பட்டிருக்கும். ஒவ்வோர் அச்சிலும் தனி மச்சம் இருக்கும்: ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் துரு விழுந்த புள்ளி, மணிவரிசையில் ஒன்றின் மேல் சாய்ந்த மெருகுக்கோடு, ஆண்டின் கடைசி இலக்கம் அந்த வரிசையில் எந்த மணிக்கு நேராக நிற்கிறது என்பது. பெரிய ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் படங்களும், தரநிர்ணய நிறுவனங்களின் படத்தொகுப்பும், ஒட்டாவாவில் பேங்க் ஆஃப் கனடா அருங்காட்சியகம் வைத்திருக்கும் தேசியத் தொகுப்பும் ஒப்பிட உதவும். உங்கள் நாணயத்தை ஒரே விளக்கில், ஒரே கோணத்தில் படம் எடுத்து, இந்த மச்சங்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பொருந்தவே இல்லை என்றால் நம்பிக்கை குறைய வேண்டும். பொருந்தினாலும் உடனே கொண்டாடாதீர்கள். ஸ்பெசிமன் அடித்து முடித்ததும் அதே அச்சைச் சாதா வேலைக்கு அனுப்புவது நாணயச்சாலைகளில் நடக்கிற காரியம். ஆகவே அச்சு அதேதானா என்பதோடு, அச்சு எந்த நிலையில் இருந்தது என்றும் கேளுங்கள். அறியப்பட்ட ஸ்பெசிமனில் உள்ள மெருகுக்கோடுகள் உங்களுடையதில் தேய்ந்திருந்தால், அல்லது அதில் இல்லாத விரிசல் உங்களுடையதில் இருந்தால், உங்கள் நாணயம் பிற்பாடு அடித்தது. முகப்பை நிமிர்த்திப் பிடித்து நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பின்பக்கம் நேராக வருகிறதா தலைகீழாக வருகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சில ஸ்பெசிமன் வரிசைகளில் இந்தத் திசை சாதாவிலிருந்து மாறியிருக்கும்.

இன்றைய ராயல் கனடியன் மிண்ட் வெளியீடுகளுக்கு இந்தப் பாடு தேவையில்லை. கோடு போட்ட தளத்தில் பளிச்சென்ற உருவம் ஸ்பெசிமன். கண்ணாடித் தளத்தில் பனி படர்ந்த உருவம் ப்ரூஃப். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2014 முதல் சில்வர் மேப்பிள் லீஃப் முதலீட்டு நாணயத்தின் தளத்திலும் ஆரக்கோடுகள் வந்துவிட்டன. கோடு இருக்கிறதே என்று அதை ஸ்பெசிமன் விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

பிரிட்டிஷ் இந்திய ரூபாய் சேர்ப்பவர்களுக்குக் கேள்வியே வேறு. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய அச்சுகளில் மறு அடி அடித்துக் கொடுத்திருக்கின்றன. அவையும் கண்ணாடி முகம், கூர்மையான ரிம் எல்லாம் உள்ளவைதான். அங்கே தேடவேண்டியது அச்சில் ஏறிய துரு: தளத்தில் பரு போலப் புடைத்த சிறு புள்ளிகள். முகப்பு ஒரு காலத்தது, பின்பக்கம் வேறு காலத்தது என்று ஜோடி மாறியதும் உண்டு. 11.66 கிராமிலிருந்து எடை விலகுகிறதா என்றும் பாருங்கள். சுதந்திர இந்தியாவின் 1969 காந்தி பத்து ரூபாய் வெள்ளியில் வேலை சுலபம்: பம்பாயின் சாதா நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவப் புள்ளி, ப்ரூஃபில் பி (B) என்ற ஆங்கில எழுத்து. எல்லா நாணயச்சாலையும் இப்படி எழுதி வைத்திருந்தால் என் லென்ஸுக்குப் பாதி வேலை மிச்சம்.

இவ்வளவும் பார்த்தபின் தரநிர்ணயத்துக்கு அனுப்பலாம். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற தரநிர்ணய நிறுவனங்கள் இரண்டுமே ஸ்பெசிமனுக்கு எஸ்.பி. என்றும், சாதாவுக்கு எம்.எஸ். என்றும் அட்டையில் போடுவார்கள். அனுப்பும்போது சும்மா "ஸ்பெசிமன்?" என்று எழுதாமல், எந்த ஏலத்தில் விற்ற எந்த நாணயத்தோடு எந்த மச்சம் பொருந்துகிறது என்று படத்தோடு எழுதுங்கள். அதுவரை பி.வி.சி. கலக்காத கூட்டில் வையுங்கள். பழைய தோல்பெட்டியில் கிடந்து ஓரத்தில் நீலமும் பொன்னிறமுமாக ஏறிய நிறத்தை மருந்தில் முக்கி எடுத்துவிடாதீர்கள். வெள்ளியின் மேல்தோலோடு சேர்ந்து தளத்தின் நுண்மையும் போய்விடும், அப்புறம் மேலே சொன்ன சோதனைகளில் பாதியைச் செய்யவே முடியாது.

விலையைப் பொறுத்தவரை என் வழக்கம் இது. ரிம், எட்ஜ், பொந்துக்குள் கண்ணாடி, அச்சு நிலை, இந்த நான்கும் ஒன்றாகப் பேசினால் ஸ்பெசிமன் விலைக்குப் பேரம் பேசுவேன். ஒன்று முரண்டு பிடித்தாலும், அட்டை இல்லாத நாணயத்துக்கு நல்ல ப்ரூஃப்லைக் விலைக்கு மேல் ஒரு காசு தருவதில்லை. விற்பவர், "லென்ஸை மாத்திப் பாருங்க சார்" என்பார். பார்ப்பேன், விலை மாறாது.